ஊக்கமும் உபாயமும்

சென்னை மாநகரின் மேற்குப் பகுதியில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே அமைந்துள்ள ஊர் அயனம்பாக்கம். ஏரியும் அதன் நீரால் விளைந்த வயல்களுமே முற்காலத்தில் இவ்வூருக்கு வாழ்வளித்தன. ஏரி இன்றும் இருக்கின்றது. வயல்கள் இருந்த இடங்களிலோ வீடுகளும் பள்ளிகளும் கடைகளும் பட்டறைகளும் எழுந்துள்ளன. காலை எட்டு மணியளவில் இவ்வூர்ச் சாலைகளில் நின்று பார்த்தால், சோற்றுப் பாத்திரத்தைக் கையிற்கொண்டு தொழிற்பேட்டையை நோக்கி விரையும் ஆண்களையும் பெண்களையும் காணலாம்.

ஏரிப்பாய்ச்சலை நம்பி வாழ்ந்த உழவர் வானத்தை நோக்கி நின்றனர். இன்று பட்டறை நடத்துவோர் சந்தையை நோக்கி நிற்கின்றனர். நாளை வருவது இன்னதென்று அவர்களும் அறியார்; இவர்களும் அறியார். மழை பொய்த்த ஆண்டிலும் விதை நெல்லை உண்ணாமல் காத்து, அடுத்த பருவத்திற்கு ஏரைப் பழுது பார்த்து வைத்தவரே நல்ல உழவர் எனப் பெயர் பெற்றார். அவருக்கு இருந்த உள்ளத்திண்மையும் முன்னறிவும் தொழில் நடத்துவோர்க்கும் வேண்டும். அவ்விரண்டனையும் ஊக்கம் என்றும் உபாயம் என்றும் கூறலாம்.

தொழில் முனைவோர்

பொருள், கருவி, உழைப்பு ஆகிய மூன்றையும் ஒன்றுகூட்டி, ஆதாயம் வரினும் இழப்பு நேரினும் அதனைத் தாமே ஏற்று, ஒரு தொழிலைத் தொடங்கி நடத்துவோர் தொழில் முனைவோர் எனப்படுவர். ஊரார் அவரை முதலாளி என்று அழைப்பர். அப்பெயரைக் கேட்பவர், அவர் குளிர்ந்த அறையில் அமர்ந்து பிறரை ஏவுபவர் என்று எண்ணிவிடுதல் கூடும். சிறு பட்டறையின் நிலை அத்தகையதன்று. காலையில் கதவைத் திறப்பவர் அவர். இயந்திரத்திற்கு எண்ணெய் இடுபவரும் அவர். இரும்புக் கடைக்குச் சென்று தடி வாங்கி வருபவரும், செய்த பொருளை வண்டியில் ஏற்றி அனுப்புபவரும், மாலையில் கணக்கு எழுதுபவரும் அவரே ஆவார். சனிக்கிழமை தோறும் தொழிலாளர்க்குக் கூலி கொடுக்க வேண்டிய கடமையும் அவருடையதே.

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை என்றால், பத்துக் குடும்பங்களின் அடுப்பு அதனை நம்பி எரிகின்றது. வேலை குறைந்தாலும் இயந்திரம் பழுதுற்றாலும் கூலி நாள் தள்ளிப் போவதில்லை. ஆகவே, இடையூறு நேர்ந்தபோது பட்டறை நடத்துபவர் என்ன எண்ணுகின்றார், எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்பது அவர் ஒருவரைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. பலருடைய வாழ்வும் அதனைப் பொறுத்துள்ளது.

அம்பத்தூர் தொழில் நகரமாகிய வரலாறு

அம்பத்தூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் தொழில் வளம் பெற்ற வரலாறே இடையூற்றில் தொடங்கிய வரலாறு எனலாம். செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ. எம். முருகப்ப செட்டியார் 1900-ஆம் ஆண்டில் பர்மாவிலுள்ள மோல்மேன் நகரில் கொடுக்கல் வாங்கல் தொழிலைத் தொடங்கினார். தொழில் வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரின் இருள் கீழ்த்திசையில் சூழ்ந்த காலத்தில் அவர் குடும்பத்தார் தம் முதலைத் தாயகத்திற்குக் கொண்டுவந்தனர். 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. அங்கே வாழ்ந்த தமிழர் பலர் நிலமும் பொருளும் விட்டுக் காட்டு வழியாக நடந்தே நாடு திரும்பினர். தலைமுறை தலைமுறையாக வளர்த்த தொழில் பலருக்கு ஒரே ஆண்டில் இல்லையாயிற்று.

பணம் கொடுத்து வட்டி பெறும் தொழிலையே அறிந்திருந்த ஒரு குடும்பம், கடல் கடந்து செய்த வாணிகத்தின் வாயில் அடைபட்டபோது, தாயகத்தில் செய்யத்தக்கது யாது என்று ஆராய்ந்தது. எஃகுப் பெட்டிகளும் இருக்கைகளும் செய்யத் தொடங்கினர், உப்புத்தாளும் செய்தனர். 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி. ஐ. சைக்கிள்ஸ் என்னும் மிதிவண்டி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அம்பத்தூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. 1951-ஆம் ஆண்டில் அங்கிருந்து ஹெர்குலிஸ் மிதிவண்டிகள் வெளிவரலாயின.

மிதிவண்டி என்பது பார்வைக்கு எளிய பொருள். ஆயினும் அதன் சட்டத்திற்குக் குழாய் வேண்டும். சக்கரத்திற்கு வளையமும் கம்பியும் வேண்டும். ஓடுவதற்குச் சங்கிலியும் பற்சக்கரமும் வேண்டும். நிறுத்துவதற்குத் தடை வேண்டும். இவ்வாறு ஒரு பொருளைச் செய்யப் புகுந்தால் நூறு பொருள்களைச் செய்ய வேண்டியதாகின்றது. 1955-ஆம் ஆண்டில் ஆவடியில் எஃகுக் குழாய்த் தொழிற்சாலையும், 1960-ஆம் ஆண்டில் அம்பத்தூரில் சங்கிலித் தொழிற்சாலையும் இதன் தொடர்ச்சியாகவே தோன்றின. அக்காலத்திலேயே பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ஆம் ஆண்டிலும், ஆவடியில் போர் ஊர்தித் தொழிற்சாலை 1961-ஆம் ஆண்டிலும் அமைந்தன. எண்ணூரில் பேருந்துகளும் சரக்கு ஊர்திகளும் செய்யப்பட்டன. இப்பெருந் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சிறு உறுப்புக்களைச் செய்து கொடுக்கப் பட்டறைகள் தேவைப்பட்டன. அத்தேவையை உணர்ந்து அரசினர் 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையை நிறுவினர். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்களைக் கொண்டு விளங்கும் அப்பேட்டையின் வளர்ச்சியே அயனம்பாக்கம் முதலிய அண்டை ஊர்களின் தோற்றத்தையும் மாற்றியது.

இருவகை நம்பிக்கை

நல்லதே நடக்கும் என்று எண்ணுதல் நன்று. ஆயினும் அவ்வெண்ணம் இருவகையாக இருத்தல் கூடும். “இடையூறு வாராது, வந்தாலும் தானே தீரும்” என்று எண்ணிக் கைகட்டி இருப்பது ஒரு வகை. “இடையூறு வந்துவிட்டது, இப்போது எஞ்சியிருப்பது யாது? அதனைக் கொண்டு செய்யத்தக்கது யாது?” என்று கேட்டு எழுவது மற்றொரு வகை. முன்னது கனவு, பின்னதே ஊக்கம். ஊக்கமுடையவர் தம்மிடம் இல்லாதவற்றை எண்ணிப் பொழுதைப் போக்கார். தம்மிடம் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவார். அவ்வாறு எண்ணும்போதே வழி புலப்படத் தொடங்கும். அவ்வழியே உபாயம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் அமைத்துள்ள முறை இங்கு எண்ணத்தக்கது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த அவர், அவற்றை அடுத்து இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தை வைத்துள்ளார். முயன்று உழைப்பவர்க்குத் துன்பமே வாராது என்று அவர் கருதினார் அல்லர். முயற்சி உள்ள இடத்தில் இடுக்கணும் உண்டு; அதனால் உள்ளம் அழியாதிருத்தலும் முயற்சியின் ஒரு பகுதியே என்பதை அவ்வைப்பு முறை உணர்த்துகின்றது. மேலும், ஊக்கத்தைப் பற்றிக் கூறுவதற்கு முன்னரே, போகும் பொருளையும் வரும் பொருளையும் ஆராய்ந்து செயலில் இறங்குதல் வேண்டும் என்பதற்காகத் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தையும் அவர் அமைத்துள்ளார்.

இழந்ததும் எஞ்சியதும்

இவ்வுண்மைகளை விளக்குவதற்குக் கோயம்புத்தூரில் வாழ்ந்த ஜி. டி. நாயுடுவின் வரலாறு பெரிதும் துணைபுரியும். அவர் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. இளமையில் ஒருநாள் ஆங்கில அலுவலர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுவது அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்க விரும்பினார். கையில் பொருள் இல்லை. கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஏறிச் சுற்றுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். எந்த உறுப்பு எதற்காக உள்ளது என்பதைக் கண்ணாலும் கையாலும் கற்றார். எந்தக் கல்லூரியும் அவருக்கு அளிக்காத பயிற்சியை அந்த ஒரு வண்டி அளித்தது.

முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் பஞ்சுத் தொழிலில் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். அவ்வெற்றி தந்த துணிவால் பம்பாய்க்குச் சென்று பஞ்சு வாணிகத்தில் இறங்கினார். ஈட்டிய பொருளை இழந்தார். ஆழம் அறியாமல் காலை விடுதல் ஆகாது என்னும் பழமொழியின் பொருளை அவ்விழப்பு உணர்த்துகின்றது. நல்லதே நடக்கும் என்னும் எண்ணம் மட்டும் ஒருவரைக் காவாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், இழந்தது பொருளேயன்றி அறிவு அன்று. எஞ்சினின் உறுப்புக்களை அறிந்த கையும், கடுமையாக உழைக்கும் உடலும், நேர்மையானவர் என்னும் பெயரும் அவரிடம் எஞ்சியிருந்தன. ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலத் தொழிலதிபர் அவருக்குக் கடன் கொடுத்து உதவினார். அவ்வுதவியால் ஒரு பேருந்தை வாங்கி, 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். உரிமையாளரும் ஓட்டுநரும் அவரே. வண்டி வழியில் நின்றால் அதனைப் பழுது பார்ப்பவரும் அவரே. ஒரு பேருந்து பலவாயிற்று, யு. எம். எஸ். என்னும் பேருந்து நிறுவனம் கோயம்புத்தூர்ப் பகுதி முழுதும் பெயர் பெற்றது.

1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் உள்ள பைக்காராவில் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்விசை எடுக்கப்பட்டது. கோயம்புத்தூரின் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்விசை வந்தது. ஆனால், அதனைக் கொண்டு இயங்கும் மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. 1937-ஆம் ஆண்டில் நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டாரை இங்கேயே செய்வித்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என அது போற்றப்படுகின்றது. தாம் பள்ளியில் பெறாத தொழிற்கல்வியைப் பிறர் பெற வேண்டும் என்று விரும்பி, 1945-ஆம் ஆண்டில் தொழில்நுட்பப் பள்ளி தோன்றவும் அவர் காரணமாயினார். அக்காலத்துச் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் அது வழங்கிற்று. அது இருந்த இடம் இன்றும் ஹோப்ஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகின்றது. 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் நாயுடு மறைந்தார்.

பட்டறையில் உபாயம்

நாயுடு போன்றவர் அரியர். ஆயினும், எஞ்சியிருப்பதை எண்ணி வழி காணும் அவருடைய முறை அரியதன்று. அம்பத்தூரிலும் அயனம்பாக்கத்திலும் உள்ள சிறு பட்டறைகளில் நாள்தோறும் அது கையாளப்படுகின்றது. அது செயற்படும் வகையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

ஒரு பட்டறையில் ஒரு லேத்தும், துளையிடும் பொறி ஒன்றும் மட்டுமே உள்ளன எனக் கொள்வோம். ஐந்நூறு இரும்புத் துண்டுகளில் ஒரே இடத்தில், ஒரே அளவில் துளையிட்டுத் தருமாறு வேலை வருகின்றது. கணிப்பொறியால் இயங்கும் பெரிய இயந்திரம் உடையவர்க்கு இஃது எளிது. அவ்வியந்திரத்தின் விலையோ பல இலட்சம். அஃது இல்லாத பட்டறையில், ஒவ்வொரு துண்டிலும் அளந்து கோடிட்டு, புள்ளி குத்தி, பிறகே துளையிட வேண்டும். ஒரு துண்டுக்கு ஆறு நிமிடம் ஆகும் என்றால், ஐந்நூறு துண்டுகளுக்கு ஐம்பது மணி நேரம் வேண்டும். கைதேர்ந்த தொழிலாளர் ஒருவர் ஒரு வாரத்திற்கு மேல் அவ்வேலையிலேயே நிற்க நேரும். அளவு பிழைத்த துண்டுகளும் பல உண்டாகும்.

பட்டறை நடத்துபவர், “பெரிய இயந்திரம் இல்லையே” என்று வருந்தி வேலையைத் திருப்பி அனுப்பலாம். அல்லது, பட்டறையின் மூலையில் கிடக்கும் கழிவு இரும்பைப் பார்க்கலாம். அதில் ஒரு தகட்டை எடுத்து, துளை வர வேண்டிய இடத்தில் கடினமாக்கிய எஃகு வளையம் ஒன்றைப் பதித்து, துண்டு அசையாமல் உள்ளே பொருந்துமாறு ஒரு சட்டத்தைச் செய்துகொள்ளலாம். பட்டறைகளில் இதனை ஜிக் என்பர். துண்டை அதில் வைத்து, வளையத்தின் வழியே துளைக்கருவியைச் செலுத்தினால் போதும்; அளக்கவும் வேண்டா, கோடிடவும் வேண்டா. ஒரு துண்டுக்கு இரண்டு நிமிடமே ஆகும். ஐந்நூறு துண்டுகளும் ஏறத்தாழப் பதினேழு மணி நேரத்தில் முடியும். ஜிக் செய்வதற்கு ஒருநாள், அதாவது எட்டு மணி நேரம் செலவாயிற்று என்று கொண்டாலும், இருபத்தைந்து மணி நேரம் மிஞ்சுகின்றது. புதிதாகச் சேர்ந்த தொழிலாளரும் பிழையின்றி அவ்வேலையைச் செய்யலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். கழிவு இரும்பு ஒரு பட்டறையின் கூலி நாளைக் காத்தது என்றால் அது மிகையாகாது.

மின்விசைத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்திலும் இத்தகைய உபாயங்களே பட்டறைகளைக் காத்தன. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் மின்வெட்டு மிகுந்திருந்தது. 2012-ஆம் ஆண்டில் அது மிகக் கடுமையாயிற்று. மின்விசை இல்லாத நேரத்தில் தொழிலாளரைச் சும்மா இருத்திவைத்தால் கூலி வீணாகும். எனவே, பட்டறை நடத்துவோர் பலர் வேலையை இரண்டாகப் பிரித்தனர். இயந்திரத்தால் செய்ய வேண்டிய கடைசலும் துளையிடலும் மின்விசை உள்ள நேரத்தில் நடந்தன. பிசிறு நீக்குதல், அளவு பார்த்தல், பொருத்துதல், எண்ணெய் தடவிக் கட்டுதல் ஆகிய கைவேலைகள் மின்விசை இல்லாத நேரத்திற்கு ஒதுக்கப்பட்டன. மின்வெட்டை அவர்களால் நிறுத்த இயலவில்லை. அது விழுங்கிய பொழுதில் ஒரு பங்கை மீட்டுக்கொள்ள இயன்றது.

வெள்ளம் புகுந்த நாள்

ஊரைக் காத்த ஏரிகளே சில வேளைகளில் ஊரை வருத்துவதும் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெய்த பெருமழையில் சென்னையும் அதன் புறநகர்களும் வெள்ளத்தில் மூழ்கின. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழையால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலுள்ள தொழிற்கூடங்கள் பலவற்றில் நீர் புகுந்தது. கடன் பெற்று வாங்கிய இயந்திரம் இடுப்பளவு நீரில் நிற்பதைக் காணும் ஒருவர்க்கு நெஞ்சம் பதறுதல் இயல்பே. அப்பதற்றத்தில் அவர் செய்யும் முதற்செயலே இயந்திரம் பிழைக்குமா என்பதை முடிவு செய்கின்றது.

நீர் வடிந்தவுடன் இயந்திரம் ஓடுகின்றதா என்று விசையை அழுத்திப் பார்ப்பவர், நனைந்த மோட்டாரின் கம்பிச் சுருளை எரித்துவிடுவார். தம் உயிருக்கும் தீங்கு தேடிக்கொள்வார். உபாயம் அறிந்தவர் முதலில் மின்விசையை முற்றும் துண்டிப்பார். பின்னர் மோட்டாரைக் கழற்றிச் சேற்றை நல்ல நீரால் கழுவுவார். வெயிலிலோ சூட்டறையிலோ ஈரம் நீங்க உலர்த்துவார். கம்பிச் சுருளின் மின்காப்புச் சரியாக உள்ளதா என்று கருவியால் சோதிப்பார். லேத்தின் வழுக்குத் தளங்களில் சேறு காய்வதற்குள் துடைத்து எண்ணெய் தடவுவார். துருவேறிய தளம் எளிதில் சீராகாது. ஆதலால் அந்த ஒருநாள் உழைப்பு பல நாள் உழைப்பிற்கு ஒப்பாகும். எல்லாப் பட்டறையிலும் ஒரே நேரத்தில் வேலை மிகுவதால், அண்டைப் பட்டறையாரோடு கருவிகளையும் ஆட்களையும் மாற்றி உதவிக்கொள்வார்.

அவருடைய வேலை அத்துடன் முடிவதில்லை. நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சுவரில் குறித்துவைப்பார். மோட்டார்களையும் மின் பெட்டிகளையும் அக்குறிக்கு மேல் ஏற்றி அமைப்பார். கணக்கேடுகளைப் பரண்மேல் வைப்பார். காப்பீட்டுக்குரிய தொகையை ஆண்டுதோறும் தவறாமல் கட்டுவார். ஒரு துன்பத்திலிருந்து அடுத்த துன்பத்திற்குரிய காவலைப் பெறுவதும் ஊக்கத்தின் இலக்கணமே.

கணக்கும் துணையும்

ஊக்கமுடையவர் கணக்கை அஞ்சார். கையிருப்பு எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதை ஒவ்வொரு நாள் மாலையும் எழுதிப் பார்ப்பது சிறு தொழில் நடத்துவோர்க்கு உயிர்க்காவல் போன்றது. நட்டம் வந்த நாளில் ஏட்டைத் திறக்க மனம் வாராது. அந்நாளில்தான் அதனைத் திறக்க வேண்டும். இழப்பின் அளவு தெரியாதவரை அஃது உள்ளத்தில் மலைபோல் வளரும். எண்ணால் எழுதியபின் அது தீர்க்கத்தக்க ஒரு கணக்காகச் சுருங்கும்.

உள்ளத்திண்மை ஒன்றினாலேயே எல்லா இடையூறுகளும் நீங்கிவிடும் என்று கூறுதல் உண்மையாகாது. செய்து கொடுத்த பொருளுக்குரிய பணம் காலத்தில் வாராவிட்டால், திறமை மிக்க பட்டறையும் நொடித்துப் போகும். இதனை உணர்ந்தே 2006-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சிறு தொழில்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. சிறு தொழிற்கூடங்களிடம் பொருள் வாங்குவோர், உடன்பட்ட காலத்திற்குள், மிகினும் நாற்பத்தைந்து நாளுக்குள், பணம் கொடுத்தல் வேண்டும். தவறினால் வட்டி சேர்த்துக் கொடுத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. தமக்குரிய உரிமையை அறிந்து கேட்பதும் உபாயங்களுள் ஒன்றாகும்.

தனி ஒருவர் கேட்டால் கிடைக்காதது பலர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். அம்பத்தூரில் உற்பத்தியாளர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டுள்ளனர். சாலை, வடிகால், மின்விசை ஆகியவற்றைப் பற்றி அரசினரிடம் முறையிடுவதற்கும், இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி அளிப்பதற்கும் இத்தகைய சங்கங்கள் பயன்படுகின்றன. அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயிலில் பெண் தொழில் முனைவோர்க்கெனத் தனித் தொழிற்பேட்டையும் அமைந்துள்ளது. தொழில் நடத்துதல் ஆடவர்க்கே உரியது என்றிருந்த எண்ணம் மாறி வருவதற்கு அஃது ஓர் அறிகுறியாகும்.

மாணவர் கொள்ளத்தக்கவை

பட்டறைக்கு உரிய இப்பண்புகள் பள்ளிக்கும் பொருந்தும். கணக்கு ஒன்று விடை தராதபோது, “இஃது எனக்கு வாராது” என்று ஏட்டை மூடும் மாணவர் உண்டு. “எனக்குத் தெரிந்த பகுதி எது? எந்த இடத்தில் வழி தவறிற்று?” என்று தேடும் மாணவரும் உண்டு. பிந்தியவர் அன்று விடை காணாமற் போகலாம். ஆயினும், தேடும் முறையைக் கற்றுக்கொள்கின்றார். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய இளைஞர் கற்றதும் அம்முறையையே.

பழுதுற்ற பொருளை எறிந்துவிடுவதற்கு முன் திறந்து பார்த்தல், செலவை எழுதி வைத்தல், சொன்ன நேரத்தில் சொன்ன வேலையை முடித்தல், தவறியபோது காரணத்தைப் பிறர்மேல் ஏற்றாமல் ஆராய்தல், துன்புற்ற அயலார்க்குக் கேளாமலே கைகொடுத்தல் ஆகியவை இளமையிலேயே பழகத்தக்கவை. பிற்காலத்தில் தொழில் தொடங்குவோர்க்கு இவையே முதற்பொருளாகும். பொருளால் அமைந்த முதல் ஒரு வெள்ளத்தில் போய்விடுதல் கூடும். பழக்கத்தால் அமைந்த முதலுக்கு அத்தகைய அழிவு இல்லை.

அயனம்பாக்கத்து ஏரிக்கரையில் இன்று விளையாடும் சிறுவரும் சிறுமியரும் நாளை எத்தொழிலை மேற்கொள்வர் என்று எவராலும் சொல்ல இயலாது. மிதிவண்டியில் தொடங்கிய தொழில் நகரம் இன்று கணிப்பொறி அலுவலகங்களையும் கொண்டுள்ளது; நாளை இன்னும் புதியன வரும். எத்தொழில் வரினும், இல்லாததை எண்ணி ஏங்காமல் இருப்பதை எண்ணி எழுகின்றவர் அதில் நிலைபெறுவர். தம்மை நம்பியவரையும் நிலைபெறச் செய்வர்.

வினாக்கள்

1. தொழில் முனைவோர் எனப்படுவோர் யாவர்? சிறு பட்டறை நடத்துவோரின் கடமைகள் யாவை?
2. அம்பத்தூர் தொழில் நகரமாக வளர்ந்த வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
3. நம்பிக்கையின் இருவகைகளை வேறுபடுத்திக் காட்டுக.
4. ஜி. டி. நாயுடு பொருளை இழந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தவை யாவை? அவற்றை அவர் எவ்வாறு பயன்படுத்தினார்?
5. ஜிக் என்னும் கருவியால் நேரம் மிஞ்சுவதைக் கணக்கிட்டு விளக்குக.
6. உங்கள் ஊரில் தொழில் நடத்தும் ஒருவரைக் கண்டு, அவர் எதிர்ப்பட்ட ஓர் இடையூற்றையும் அதற்கு அவர் கண்ட வழியையும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.